கண்ணுக்குத் தெரியாத கணக்குப்பிள்ளை



முற்காலத்து நெல் மண்டிகளில் ஒரு மூலை கணக்குப்பிள்ளைக்கு உரியது. சாய்வான சிறு மேசை, அதன்மேல் நாளேடும் பேரேடும், காதிடுக்கில் ஒரு பென்சில். வரவு செலவு எழுதி ஐந்தொகை போடுவதோடு அவர் பணி முடிந்துவிடாது. எந்த ஊர் நெல்லில் ஈரம் மிகுதி, எவரிடம் பாக்கியைக் கடிந்து கேட்கலாம், எவரிடம் கேளாமல் விட்டால் அவரே கொண்டுவந்து தருவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முதலாளியும் அவரும் காலை முதல் இரவு வரை ஒரே கூரையின்கீழ் இருந்தனர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தமையால், சொல்ல வேண்டிய பல செய்திகள் சொல்லாமலே விளங்கின.

அந்தக் கணக்குப்பிள்ளையின் பணியில் ஒரு பகுதியை, கடைப் படியை ஒரு நாளும் மிதிக்காத ஒருவர் இன்று செய்கிறார். வேறோர் ஊரில், தம் வீட்டில், கணினி முன் அமர்ந்து செய்கிறார். ‘விர்ச்சுவல் அசிஸ்டென்ட்’ என்பது அவருக்கு வழங்கும் ஆங்கிலப் பெயர். ‘மெய்நிகர் உதவியாளர்’ என்று தமிழில் பெயர்த்துள்ளனர். இப்பெயர் சற்றே இடறுகிறது. மெய்யைப் போன்றது மெய்நிகர். இவரோ மெய்யாகவே மனிதர். இவருக்கு வீட்டு வாடகை உண்டு, பள்ளிக்குச் செல்லும் பிள்ளை உண்டு, தலைவலியும் உண்டு. தொலைவு ஒன்றே புதிது. ஆகவே ‘தொலைவிட உதவியாளர்’ என்பது பொருந்தும். கேட்ட கேள்விக்குத் தானே விடை சொல்லும் கணினி நிரலுக்கும் அதே ஆங்கிலப் பெயர் வழங்குகிறது. இவ்வுரை அதனைப் பற்றியதன்று.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள சிறு நிறுவனங்களுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இவ்வேலையைச் செய்வோர் மிகப் பலர். வெளிநாட்டார்க்கு உழைக்கும் அந்தக் கை, உள்ளூர்ச் சிறு கடைக்கும் உதவுமா என்பதே இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது.

எடுத்துக்காட்டாக ஒரு கடையை மனத்தில் வரைந்துகொள்ளலாம். ஆரணி அரிசிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே கணவனும் மனைவியுமாக நடத்தும் ஓர் அரிசிக் கடை. கணவர்க்கு அகவை 60-ஐ நெருங்குகிறது. மகன் பெங்களூரில் பணியில் இருக்கிறான். கடைக்குத் திரும்ப மாட்டான். கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி ஆகியவற்றை உழவரிடம் நேரே வாங்கி, சென்னைக்கும் கோவைக்கும் கூரியரில் அனுப்புகின்றனர். ஊரில் நின்று வாங்குவோரைவிடத் தொலைபேசியில் கேட்போர் இப்போது மிகுதி. கணவர் ஆலையில் நெல் அரைக்கும் இடத்தில் நிற்பார். மனைவி தராசின் முன் நிற்பார். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் வந்த 20 செய்திகள் இரவு ஒன்பது மணிக்குத்தான் கண்ணில் படும். அதற்குள் கேட்டவர் வேறு கடையில் வாங்கியிருப்பார். கடையை மூடிவிடலாமா என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நிலை. “வீட்டிலிருந்தே ரெண்டு மணி நேரம் வேலை பாக்குற ஆள் கிடைப்பாங்கம்மா, வெச்சுக்குங்க” என்கிறான் மகன்.

இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். உடனே ஆளைத் தேடப் புறப்படுகின்றனர். தேட வேண்டியது முதலில் ஆள் அன்று, வேலை. ‘எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒருவர்’ என்று கேட்பவர்க்கு எதையும் பார்த்துக்கொள்ளாத ஒருவரே வாய்ப்பார். கடையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஒரு வேலையை விரலால் சுட்டிக் காட்டலாம். கும்பகோணத்தில் இருக்கும் உதவியாளர்க்கு விரல் தெரியாது, சொல் மட்டுமே போய்ச் சேரும். ஆகவே தம் தொழிலைச் சொல்லாக மாற்றத் தெரிந்தவரே தொலைவிலிருப்பவரிடம் வேலை வாங்க முடியும்.

இதற்குப் பெரிய கல்வி வேண்டா. ஒரு 40 பக்க நோட்டு போதும். ஒரு வாரம் முழுதும், கடையில் செய்த ஒவ்வொரு வேலையையும், அதற்கு ஆன நேரத்தையும் அதில் எழுத வேண்டும். விலை கேட்டவர்க்கு விடை சொன்னது, முகவரி கேட்டு வாங்கியது, கூரியர் எண்ணை அனுப்பியது, பில்லைக் கணக்கில் ஏற்றியது, ஆடிட்டர் கேட்ட தாளைத் தேடியது, உழவரிடம் விலை பேசியது, வண்டு வந்த மூட்டையை வெயிலில் காயவைத்தது என எல்லாம். வார இறுதியில் இவற்றைப் படித்தால் ஒன்று புலப்படும். சில வேலைகளுக்குக் கையும் மூக்கும் வேண்டும். புது நெல்லா பழைய நெல்லா என்று மோந்து பார்ப்பதை எவரும் கணினி வழியே செய்ய இயலாது. சில வேலைகளுக்கு முதலாளியின் முகம் வேண்டும். உழவரிடம் விலை பேசுவதும், சோறு குழைந்துவிட்டது என்று வருந்தி எழுதும் பழைய வாடிக்கையாளரைச் சமாதானம் செய்வதும் அத்தகையன. எஞ்சியவையே உதவியாளர்க்கு உரியவை. எழுதிப் பார்த்தோர், எஞ்சியதே நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பதைக் கண்டு வியப்பர்.

அடுத்தது, அந்த எஞ்சியதைக் கற்பிப்பது. அரிசி வாங்குவோர் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். “அண்ணா, இது பழைய அரிசிங்களா?” “மாப்பிள்ளைச் சம்பா எவ்வளவு நேரம் ஊறணும்?” “இட்லிக்கு ஆகுமா, சாதத்துக்கு ஆகுமா?” “பச்சரிசியா, புழுங்கலா?” ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் சொல்லும் விடையை அவர் சொற்களிலேயே எழுதிவைக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் இரவு முழுதும் ஊறினால்தான் நன்றாக வேகும் என்பது அந்த அம்மையார்க்கு மூச்சுப் போலத் தெரிந்த செய்தி. கணினி முன் இருக்கும் பட்டதாரிப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லாமல் விட்டுவிட்டு, ‘இதுகூடத் தெரியவில்லையே’ என்று நொந்துகொள்வது முறையன்று.

சொல்ல வேண்டியவற்றைப் போலவே, சொல்லக் கூடாதவற்றையும் எழுத வேண்டும். “இந்த அரிசி சாப்பிட்டா சர்க்கரை குறையுமா?” என்று கேட்பவர் நாள்தோறும் இருவராவது இருப்பர். விற்பனை நடக்கட்டும் என்ற ஆர்வத்தில் உதவியாளர் “கண்டிப்பாகக் குறையும்” என்று எழுதிவிட்டால், அதை நம்பி ஒரு முதியவர் மாத்திரையை நிறுத்திவிடவும் கூடும். “உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்” என்பதே கடையின் விடை என்று முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வரி பற்றிய செய்தியும் அவ்வாறே. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. அதன்பின் 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்த கதை அரிசி வணிகர் அறிந்ததே. அதன் நன்மை தீமை வேறு பேச்சு. ஆனால் வெளியூர் உதவியாளர் 26 என்பதை எழுத்துப் பிழை என்று எண்ணி 25 என்று திருத்திப் பில் போட்டால் கணக்கு குழம்பும். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோர்க்கு 11-ஆம் நாளும் 20-ஆம் நாளும் கெடு. மாதத்தின் முதல் வாரத்திலேயே விற்பனைப் பில்களைத் திரட்டி ஆடிட்டர்க்கு அனுப்புவது தொலைவிடத்திலிருந்து மிக நன்றாகச் செய்யக்கூடிய பணி. கடைசி நாளில் தாளைத் தேடி அலையும் பதற்றம் இதனால் நீங்கும்.

இனி ஆளைத் தெரிந்தெடுத்தல். திருக்குறளில் 51-ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல், 52 தெரிந்துவினையாடல், 53 சுற்றந்தழால். முதலில் ஆராய்ந்து நம்பு, பிறகு பணியைக் கொடு, அதன்பின் உறவைத் தழுவு என்னும் வரிசை இந்த அதிகார வைப்பிலேயே கிடக்கிறது. குடும்பத் தொழில் நடத்துவோர் பலர் 53-இலிருந்து தொடங்கி 51-ஐ மறந்துவிடுகின்றனர். சித்தப்பா பெண் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று வேலையைக் கொடுத்துவிட்டு, பிழை கண்டால் சொல்லவும் இயலாமல், சம்பளம் கேட்டால் கொடுக்கவும் மனம் வராமல், இறுதியில் வேலையும் கெட்டு உறவும் கசந்த வீடுகள் உண்டு. உறவினர் தகுதியுடையவராக இருக்கலாம். ஆனால் அவர்க்கும் அதே தேர்வு வேண்டும்.

தேர்வு என்பது எளியது. கடைக்கு முன்பு வந்த செய்திகளில் ஐந்தை எடுத்து, பெயரும் எண்ணும் நீக்கி அனுப்பி, விடை எழுதித் தரச் சொல்லலாம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வாடிக்கையாளரின் கேள்வி புரிகிறதா, விடையில் பணிவு இருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று, நோட்டில் விடை இல்லாத கேள்வியாக இருக்கட்டும். அதற்கு எதையாவது புனைந்து எழுதுபவரைவிட, “இதை முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன், சற்றுப் பொறுங்கள்” என்று எழுதுபவர் பன்மடங்கு மேல். பட்டம், அனுபவம், ஆங்கிலப் பேச்சு எல்லாம் இந்த ஒரு விடைக்குப் பின்னர்தான். பிறகு ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்க்கலாம். அந்த வாரத்துக்கும் கூலி உண்டு. பயிற்சி என்ற பெயரில் இலவசமாக உழைப்பு வாங்கக் கூடாது.

ஒப்பந்தம் என்றவுடன் சிறு கடைக்காரர் தயங்குவர். “நமக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்?” என்பர். ஒரு பக்கத் தாள்தான். ஆனால் அதன் பின்னே 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நிற்கிறது. ஒருவர்க்காகப் பிறரிடம் செயல்படுபவரை அச்சட்டத்தின் 182-ஆம் பிரிவு முகவர் என்கிறது. தமக்களித்த அதிகாரத்துக்குள் முகவர் செய்த ஒப்பந்தம், முதலாளியே செய்ததற்கு நிகர் என்கிறது 226-ஆம் பிரிவு. அதிகாரம் கடந்து செய்திருந்தாலும், அதிகாரம் இருப்பதாக எதிரில் உள்ளவர் நம்பும்படி முதலாளியே நடந்திருந்தால், அவரே கட்டுப்பட்டவர் என்பது 237. கடையின் பெயரில், கடையின் எண்ணிலிருந்து, “பிடிக்காவிட்டால் முழுப் பணத்தையும் தந்துவிடுகிறோம்” என்று உதவியாளர் எழுதிவிட்டால், ‘அது அந்தப் பெண் எழுதியது’ என்று கடைக்காரர் கையை உதறிவிட முடியாது. எதை வாக்களிக்கலாம், எத்தனை ரூபாய் வரை தள்ளுபடி சொல்லலாம் என்பதை எழுதித் தருவது இதற்காகத்தான்.

ஏற்ற பணியை உதவியாளர் தம் தோழிக்குக் கைமாற்றுவது இன்னொரு தொல்லை. தாமே செய்வதாக ஏற்றதை வேறொருவரிடம் ஒப்படைக்க முகவர்க்குப் பொதுவாக உரிமை இல்லை என்கிறது 190-ஆம் பிரிவு; எனினும் தாளில் ஒரு வரி இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. மறுபக்கம், ‘இங்கிருந்து விலகினால் வேறு எந்த அரிசிக் கடைக்கும் வேலை செய்யக் கூடாது’ என்று எழுதி வாங்கச் சில முதலாளிகள் முனைகின்றனர். ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்று 27-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துச் செல்லக் கூடாது, கொள்முதல் விலையை வெளியே சொல்லக் கூடாது என்று எழுதலாம், அது நியாயம். ஒருவர் கற்ற தொழிலைப் பூட்டிவைப்பது நியாயமன்று.

வாடிக்கையாளரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவை கடைக்கு அடைக்கலமாக வந்தவை. 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலையைப் பிறரிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பைத் தரவைத் திரட்டியவர் மீதே வைக்கிறது. எனவே உதவியாளர்க்கு வேண்டிய அளவே கதவைத் திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கடைத் தொலைபேசியோடு நான்கு கருவிகளை இணைக்கலாம். உதவியாளரின் கணினி அவற்றுள் ஒன்றாகட்டும். இணைத்ததை எந்நேரமும் கடைத் தொலைபேசியிலிருந்தே துண்டித்துவிட முடியும் என்பதால், தொலைபேசியும் சிம் அட்டையும் கடையை விட்டு நகர வேண்டியதில்லை. கூகுள் ஷீட்டில் ஒருவர்க்குப் பார்க்க மட்டும் உரிமை தரலாம், திருத்தவும் தரலாம். இருப்புக் கணக்கில் திருத்தும் உரிமை போதும். கொள்முதல் விலை உள்ள ஏட்டைத் தனியே வைத்து, அதைக் காட்டாமலே விடலாம்.

பணத்தின் வாயில் மட்டும் எவர்க்கும் திறக்கலாகாது. வங்கிக் கடவுச்சொல், யு.பி.ஐ. பின், ஓ.டி.பி. மூன்றும் முதலாளியிடமே இருக்க வேண்டும். ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்று வாடிக்கையாளர் அனுப்பும் திரைப்படத்தை நம்பி உதவியாளர் பார்சலுக்குச் சொல்லிவிடுவதுண்டு. அத்தகைய படத்தைப் போலியாக உருவாக்குவது எளிது. சிறு கடைகள் பல அப்படி ஏமாந்துள்ளன. கடைக்காரர் தம் வங்கிக் கணக்கைப் பார்த்து “வந்தது” என்று ஒரு சொல் அனுப்பிய பின்னரே மூட்டை கட்டப்பட வேண்டும். இந்த ஏற்பாடு உதவியாளரின் மீது ஐயப்படுவது ஆகாது. ஏதேனும் ஒரு நாள் கணக்கில் தொகை குறைந்தால், பழி தம்மேல் விழாது என்னும் நிம்மதி அவர்க்கும் வேண்டுமல்லவா?

கூலியைப் பற்றிப் பேசும்போதுதான் பலர் குரல் தாழ்கிறது. நாளுக்கு 2 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் என்றால் 52 மணி நேரம். கடையில் வந்து நிற்பவர்க்குத் தரும் மணிக்கூலியை 52-ஆல் பெருக்கி அவ்வளவுதான் என்பது சரியான கணக்காகாது. கடைக்கு வருபவர்க்கு விசிறியும் விளக்கும் நாற்காலியும் தேநீரும் கடையினுடையவை. வீட்டிலிருப்பவர் தம் கணினி, தம் மின்சாரம், தம் இணையக் கட்டணத்தைக் கொண்டுவருகிறார். அவருக்கு வருங்கால வைப்பு நிதியும் இல்லை. போனஸ் பேச்சும் பெரும்பாலும் இல்லை. கூடுதலாகத் தருவதே முறை. சொன்ன நாளில் தருவது அதனினும் முறை. கடையில் நிற்பவர் மாலையில் முகத்தைப் பார்த்து நின்றால் முதலாளிக்குச் சம்பளம் நினைவுக்கு வந்துவிடும். தொலைவில் இருப்பவர் நினைவூட்டக் கூசுவார். அந்தக் கூச்சத்தில் பத்து நாள் ஓட்டிவிடும் பழக்கம் வணிகரிடையே இருக்கிறது. பட்டம் பெற்று, திருமணத்துக்குப் பின் வீட்டோடு நின்றுவிட்ட பெண்கள் பலர் இவ்வேலையை நாடி வருகின்றனர். அந்தத் தொகை பிள்ளையின் பள்ளிக் கட்டணமாக இருக்கலாம். அவள் கையில் முதன்முதலாகத் தன் உழைப்பால் வந்த பணமாகவும் இருக்கலாம்.

நேரத்துக்கும் எல்லை உண்டு. காலை 10 முதல் 12 வரை என்று பேசிவிட்டு, இரவு பத்தரைக்கு “அம்மா, அந்தச் சேலம் பார்சல் என்ன ஆச்சு?” என்று செய்தி அனுப்புவது, அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குச் சமம். கடையில் இருந்திருந்தால் அந்நேரம் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். அவசரம் என்றால் எது அவசரம் என்பதையும் நோட்டில் எழுதலாம்; எழுத உட்கார்ந்தால் உண்மையான அவசரங்கள் மிகச் சில என்பது தெரிந்துவிடும்.

முதல் மாதம் சுமை குறையாது, கூடவே செய்யும். ஒரு விடையைச் சொல்லித் தரும் நேரத்தில் தாமே மூன்று விடை எழுதிவிடலாம் என்று அந்த அம்மையார்க்குத் தோன்றும். தோன்றுவது இயல்பு, அவ்வாறு தோன்றிய இரண்டாம் வாரத்திலேயே உதவியாளரை நிறுத்தியவர் மிகுதி. நாள்தோறும் மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, அன்று “கேட்டுச் சொல்கிறேன்” என்று விடை எழுதிய கேள்விகளை மட்டும் இருவரும் தொலைபேசியில் பேசி நோட்டில் ஏற்றிவந்தால் போதும். நாள் செல்லச் செல்ல அந்தக் கால் மணி நேரத்தில் பேச ஒன்றும் இல்லாமல் போகும், அப்போது பேச்சு, “பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்பதில் வந்து நிற்கும். அதிகார வரிசையில் 53-ஆம் இடம் அதற்குப் பின் வருவதே.

உதவியாளர் ஒருநாள் விலகவும் செய்வார். வேறு வேலை கிடைக்கும். கணவர்க்கு ஊர் மாற்றம் வரும். அன்று செய்ய வேண்டியவற்றையும் முன்னரே எழுதிவைப்பது நலம். மீதிக் கூலியை அன்றே தீர்க்க வேண்டும். இணைத்த கணினியை வாட்ஸ்அப்பிலிருந்து துண்டிக்க வேண்டும். ஷீட்டில் தந்த உரிமையை எடுத்துவிட்டு, பொதுக் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். எத்தனை மாதம், என்ன பணி, எவ்வாறு செய்தார் என்று கடையின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு பக்கம் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவும் வேண்டும். வீட்டுக்குள் இருந்து உழைத்தவர்க்கு வெளியே காட்ட வேறு சான்று கிடையாது. அந்த 40 பக்க நோட்டு இதற்குள் நிறைந்திருக்கும். இரண்டாம் நோட்டுக்கு அட்டை போட்டு, அடுத்து வருபவர்க்காக முதல் பக்கத்தில் ‘மாப்பிள்ளைச் சம்பா: இரவு முழுதும் ஊற வேண்டும்’ என்று அந்த அம்மையார் எழுதத் தொடங்கலாம்.